4கே எழுத்த பாத்து ஏமாறாதீங்க: ட்ரோன் வாங்கப்போற பசங்களுக்காக

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல அஞ்சாயிரத்துக்குள்ள கிடைக்கற கேமரா ட்ரோன்னு படம் போட்டு அரைப்பக்கம் வந்திருந்துச்சு, நல்ல எண்ணத்துலதான் போட்டிருப்பீங்க, லீவு வருது பசங்க கேப்பாங்கன்னு. ஆனா அதுல இருந்த எதையும் வச்சிக்கினு ஒரு மலைய, ஒரு ஏரிய உருப்படியா படம் எடுக்க முடியாது சார். நான் குடியாத்தத்துல ஸ்டூடியோ வச்சிருக்கேன், கல்யாணம் காதுகுத்துன்னு போய்க்கினு இருக்கற ஆளு. அந்த பக்கத்த கட் பண்ணி எடுத்துக்கினு பசங்க நேரா கடைக்கே வந்துட்டானுங்க, அண்ணா இதுல எது நல்லாருக்கும், மோர்தானா டேம எடுக்கணும், ஏலகிரி போய் எடுக்கணும்னு. அவனுங்ககிட்ட சொன்னத அப்படியே உங்களுக்கும் எழுதறேன், நீளமா இருந்தா வெட்டிக்கங்க, ஆனா கேமராவ ஆடாம புடிக்கற ஜிம்பல் மேட்டர மட்டும் வெட்டாதீங்க.

பொட்டி மேல 4கேன்னு கொட்டை எழுத்துல போட்டிருப்பான், படத்துல புள்ளி நெறைய, ரொம்ப தெளிவுன்னு அர்த்தம். ரெண்டாயிரம் மூவாயிரத்துக்கு வர்ற மடக்கற ட்ரோன்ல பெரும்பாலும் இருக்கறது ஒரு குட்டி சென்சார், அதாவது கேமரா உள்ள படத்த புடிக்கற சில்லு, அது எடுக்கற சின்ன படத்த சாஃப்ட்வேர்ல இழுத்து பெருசாக்கி 4கேன்னு சேவ் பண்ணும், நெறைய மாடல்ல மெமரி கார்டு போட எடமே இருக்காது, வைஃபைல வர்ற படத்த நம்ம போனுதான் ரெக்கார்டு பண்ணும், நாலு தென்னைமரம் தாண்டி போச்சுன்னா சிக்னல் விட்டு விட்டு வரும், வீடியோவும் அதே மாதிரி விட்டு விட்டுதான் இருக்கும். ஒரு தம்பி எடுத்துக்கினு வந்த கிளிப்ப கம்ப்யூட்டர்ல பெருசா போட்டு பாத்தோம். ஏரிக்கரையில வரிசையா பனமரம், ஒவ்வொரு மரமும் நடு இடுப்புல வளைஞ்சு நெளியுது, அடுத்த செகண்டு நிமுருது, திரும்ப நெளியுது. அன்னிக்கு காத்தே இல்லயாம். மோட்டார் அதிர்வு நேரா கேமராவுக்கு போகுது, சென்சார் படத்த வரி வரியா மேல இருந்து கீழ படிக்குது, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவுல கேமரா ஆடிடுச்சுன்னா நேரா நிக்கற மரம் நெளிஞ்சு வரும். எங்க லைன்ல இதுக்கு ஜெல்லோன்னு பேரு. எடிட்டிங்ல போட்டு எவ்ளோ தட்டினாலும் முழுசா போகாது.

இத தடுக்கறதுதான் ஜிம்பல். கேமராவ குட்டி ரப்பர் குஷன்ல தொங்க விட்டு மூணு பொடி மோட்டார் வச்சிருப்பான், ட்ரோன் முன்ன சாஞ்சா ஒண்ணு பின்ன திருப்பும், பக்கவாட்டுல சாஞ்சா ஒண்ணு, திரும்பினா ஒண்ணு, ஆக மொத்தம் ட்ரோன் என்ன ஆட்டம் ஆடினாலும் கேமரா மட்டும் அப்படியே நிக்கும். தண்ணி கொடத்த தலைல வச்சிக்கினு வரப்பு மேல நடந்து வர்ற பொம்பளைங்க கழுத்து பண்ற வேலதான் அது. இந்த மூணு அச்சு ஜிம்பல் இல்லாத எதையும் லேண்ட்ஸ்கேப் எடுக்க வாங்காதீங்கன்னுதான் நான் சொல்றது, மத்ததெல்லாம் அப்புறம். சில மாடல்ல ஒரு அச்சு மட்டும் இருக்கும், டிஜேஐன்னு சீனா கம்பெனி, அவங்களோட நியோன்னு 2024ல வந்ததே 135 கிராம்ல, அது அப்படித்தான், கைல இருந்து எகிறி நம்மள ஃபாலோ பண்ணி எடுக்க ஜாலியா இருக்கும், ஆனா மீதி ஆட்டத்த சாஃப்ட்வேர் ஓரத்த வெட்டி வெட்டி சமாளிக்குது, விடியக்காலம் வெளிச்சம் கம்மியா இருக்கறப்போ அது தடுமாறும். மலைய எடுக்கற நேரமே அந்த விடியக்காலம்தானே.

அடுத்து ஜிபிஎஸ். ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு நம்மாளுங்க சும்மாவா சொன்னாங்க, பாலாத்து மணல்ல நின்னு பாருங்க, ஆனி ஆடியில சாயங்காலம் மேக்கால இருந்து அடிக்கற காத்துக்கு நம்ம சட்டையே நிக்காது, அதுல 80 கிராம் 100 கிராம் பிளாஸ்டிக் என்ன கதிக்கு ஆகும். ஜிபிஎஸ் இல்லாத ட்ரோனுக்கு தான் எங்க இருக்கோம்னே தெரியாது, காத்து தள்ற பக்கம் போய்க்கினே இருக்கும், நாம ஸ்டிக்க எதிர்ப்பக்கம் இழுத்துக்கினே இருக்கணும், அப்புறம் ஒரு கட்டத்துல கரும்புத் தோட்டம்தான். ஜிபிஎஸ் இருந்தா ஸ்டிக்க விட்டாலும் நின்ன எடத்துல நிக்கும், சிக்னல் போச்சுன்னா கிளம்புன எடத்துக்கு தானா திரும்பி வரும். டிஜேஐ மினி 2 எஸ்இ மாதிரி ஒண்ணு மணிக்கு 38 கிலோமீட்டர் காத்து வரைக்கும் தாங்கும்னு கம்பெனி சொல்லுது, அதுவே 250 கிராமுக்கு உள்ளதான், ஆனா பிரஷ்லெஸ் மோட்டார், உள்ள உரசி தேயற பிரஷ் இல்லாதது, அதுதான் வித்தியாசம். பொம்மை ட்ரோன்ல நெறைய வர்றது பிரஷ் மோட்டார், கொஞ்ச நாள்ல தேஞ்சு ஒரு பக்கமா சாய ஆரம்பிச்சிடும்.

அப்ப எது வாங்கறதுன்னு கேப்பீங்க. கம்மி விலையில இந்த ரெண்டும் இருக்கறது டிஜேஐ மினி வரிசை, அப்புறம் பொட்டென்சிக் ஆட்டம் மாதிரி ஒண்ணு ரெண்டு. மினி 2 எஸ்இ 2.7கே தான் எடுக்கும், பசங்க மூஞ்ச சுளிப்பானுங்க, ஆனா உண்மையான 2.7கே அந்த பொட்டி 4கேய தூக்கி சாப்ட்டுடும், நீங்க பாக்கப்போறது போன்லயும் வீட்டு டிவிலயும்தானே. அதே ஒடம்புல 4கே வேணும்னா 2024ல மினி 4கேன்னு ஒண்ணு விட்டான், அப்போ அமெரிக்காவுல 299 டாலர். வெளிச்சம் கம்மியா இருக்கறப்போ எடுக்கறதுக்குன்னா மினி 3ல சென்சார் பெருசு, காசு இருக்கறவங்க அது போகலாம். இதுக்கு மேல தொடக்கக்காரங்களுக்கு தேவையில்ல, என்ன கேட்டா.

இங்கதான் உங்க கட்டுரையில ஒரு வார்த்த கூட இல்லாத விஷயம் வருது. 2022 பிப்ரவரி 9ம் தேதி மத்திய அரசு வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிய தடை பண்ணிடுச்சு, முழுசாவும் கொண்டாரக்கூடாது, பிரிச்சி பார்ட்டா கொண்டாந்து மாட்டவும் கூடாது, ஆராய்ச்சி, ராணுவம் மாதிரி சிலதுக்கு மட்டும் விதிவிலக்கு, உதிரி பாகம் வரலாம். அதனால புது பொட்டியில டிஜேஐ உங்க கைக்கு வருதுன்னா அது எந்த வழியா வந்துச்சுன்னு ஒரு கேள்வி இருக்கு, பில்லு இருக்காது, வாரன்ட்டி இருக்காது, ஒரே மாடலுக்கு ஒவ்வொரு கடையிலயும் ஒவ்வொரு வெல. நம்ம பக்கம் ஆம்பூர் வாணியம்பாடி மேல்விஷாரத்துல வீட்டுக்கு ஒருத்தர் கல்ஃப்ல இருப்பாங்க, மச்சான் வரும்போது ஒண்ணு வாங்கிக்கினு வான்னு சொல்றது ரொம்ப சுலபம், ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ்காரர் புடிச்சி வச்சிக்கினா மச்சானுக்கும் வருத்தம் ட்ரோனும் போச்சு. தயவுசெஞ்சு அந்த வேலய மட்டும் குடுக்காதீங்க.

நம்ம நாட்டுலயே செஞ்சது இருக்கான்னா வர ஆரம்பிச்சிருக்கு. சென்னை கம்பெனி கருடா ஏரோஸ்பேஸ் 2022ல தோனிய வச்சி ட்ரோனின்னு ஒரு கேமரா ட்ரோன் அறிமுகம் பண்ணாங்க ஞாபகம் இருக்கலாம். இந்த மாதிரி வாங்கறவங்க விளம்பர வீடியோவ பாக்காதீங்க, அதுல எடுத்த ஒரிஜினல் ஃபைல பென்டிரைவ்ல குடுங்கன்னு கேளுங்க, வாட்சப்புல அனுப்பினா சுருக்கிடும், ஒண்ணும் தெரியாது. 2025 செப்டம்பர்ல இருந்து ட்ரோனுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம் ஆக்கிட்டாங்க, முன்ன கேமரா வச்சதுக்கு 18, சொந்த உபயோகத்துக்கு 28ன்னு இருந்துச்சு, அதனால பில்லோட வாங்கறதுல இப்ப அவ்ளோ நஷ்டம் இல்ல. பழைய வெலய சொன்னா ஏன்னு கேளுங்க.

என்னோட ஓட்டு பழசுக்குத்தான். வேலூர்ல, காட்பாடியில, ஆற்காட்டுல கல்யாண வீடியோக்காரங்க பெரிய மாடலுக்கு போறப்போ பழைய மினிய விப்பாங்க, தெரிஞ்ச ஆளுகிட்ட வாங்கினா பாதி கவல கம்மி. வாங்கும்போது கேமராவ பாக்கறதுக்கு முன்னாடி பேட்டரிய வெளிய எடுத்து சமதளத்துல வைங்க, ஆடுச்சுன்னா உப்பியிருக்கு, வேணாம். போன்ல போடற ட்ரோன் ஆப்புல எத்தன தடவ சார்ஜ் ஆகியிருக்குன்னு காட்டும், பாத்துக்கங்க. மடக்கற கை சேர்ற எடத்துல நகத்த வச்சி தேச்சி பாருங்க, கீறல் விட்டிருந்தா நகம் மாட்டும். ஆன் பண்ண உடனே கேமரா தலைய ஒரு சுத்து ஆட்டிட்டு நேரா நிக்கணும், நடுங்கிக்கினே இருந்தாலோ ஒரு பக்கம் சாஞ்சு நின்னாலோ எப்பவோ விழுந்திருக்குன்னு அர்த்தம், உள்ள முடி மாதிரி மெல்லிசா ஒரு ரிப்பன் ஒயர் போகும், அது அறுந்தா செலவு. கடைசியா, விக்கறவரோட அக்கவுன்ட்ல இருந்து ட்ரோன எடுத்து விடச் சொல்லுங்க உங்க கண்ணு முன்னாலயே, இல்லன்னா வீட்டுக்கு வந்து அவருக்கு போன் பண்ணிக்கினே இருக்கணும். கைல இருக்கற காசு பூரா ட்ரோனுக்கே போடாம இன்னொரு பேட்டரி, ரெண்டு செட்டு றெக்கை, வீடியோவ வேகமா பதியற யு3ன்னு போட்ட ஒரு நல்ல மெமரி கார்டு இதுக்கு கொஞ்சம் ஒதுக்குங்க, ஒத்த பேட்டரிய வச்சிக்கினு ஏலகிரி வரைக்கும் 14 கொண்டை ஊசி வளைவு ஏறி போறது வேஸ்ட்டு, 31 நிமிசம்னு போட்டிருப்பான், காத்துல, திரும்பி வர்ற சார்ஜ் போக, இருபது நிமிசம் நிம்மதியா ஓட்டினா பெருசு.

வெயில் பத்தி நான் சொல்லணுமா, வெயிலூர்னே நம்மள கிண்டல் பண்றாங்க. இந்த மினி ட்ரோனுங்க 40 டிகிரி வரைக்கும்தான் வேல செய்யும்னு புக்குலயே இருக்கு. அக்னி நட்சத்திரத்துல நம்மூர் அத தாண்டிடும், அதுவும் நிழல்ல அளக்கற கணக்கு, பாறை மேல வச்சி கிளப்பினா கேக்கவே வேணாம். பேட்டரிய கார் டேஷ்போர்டுல வைக்காதீங்க, ஃபுல் சார்ஜ்ல மாசக்கணக்கா பீரோவுல போட்டு வைக்காதீங்க, பாதி சார்ஜ்ல வைங்க. காலைல ஆறு மணிக்கு எடுத்தா வெயிலும் இல்ல, படமும் நல்லாருக்கும், நம்ம பக்கத்து மலையெல்லாம் உருண்ட உருண்ட பாறை, பக்கவாட்டு வெளிச்சம் விழுந்தாத்தான் ஒவ்வொரு பாறையும் தனித்தனியா எழும்பி நிக்கும், பன்னெண்டு மணிக்கு எடுத்தா எல்லாம் ஒரே வெளுப்பு. பகல்ல எடுத்தே ஆகணும்னா என்டி ஃபில்டர்னு ஒரு கறுப்புக் கண்ணாடி வரும், அத மாட்டினாத்தான் ஷட்டர் வேகம் இறங்கும், இல்லன்னா வீடியோ வெட்டி வெட்டி ஓடற மாதிரி இருக்கும்.

மலைக்காரங்க நாம, அதனால இன்னொண்ணு. தானா திரும்பி வர்றதுக்கு ஒரு உயரம் செட் பண்ணணும். அந்த உயரம் நாம கிளப்புன தரையில இருந்து கணக்கு, மலையோட உச்சியில இருந்து இல்ல. அடிவாரத்துல நின்னு கிளப்பி மலைக்கு பின்னாடி கொண்டு போனீங்கன்னா பாறை மறைச்சி சிக்னல் போகும், உடனே ட்ரோன் 60 மீட்டரோ 100 மீட்டரோ நீங்க சொன்ன உயரத்துக்கு ஏறி நேர்கோட்டுல வீட்டுக்கு கிளம்பும், நடுவுல மலை இருக்கறது அதுக்கு தெரியாது, ஏன்னா மினி 2 எஸ்இ, மினி 4கே, மினி 3 இதுலலாம் கண்ணு அடியில மட்டும்தான், முன்னாடி கண்ணு கிடையாது. பாறைய குத்திட்டு கீழ விழுந்தா தேடிக்கினு முள்ளுலதான் போகணும். அதனால மலைக்கு பின்னாடி விடவே விடாதீங்க, கண்ணுக்கு தெரியற வரைக்கும்தான் விடணும், சட்டமும் அதையேதான் சொல்லுது. அதே மாதிரி காவேரிப்பாக்கம் ஏரி மாதிரி பெரிய தண்ணி மேல ரொம்ப தாழ ஓட்டாதீங்க, அலை அசையறத பாத்து அந்த அடிக்கண்ணு குழம்பி தானா எறங்கினாலும் எறங்கும்.

சட்டம்னதும், 2021 ட்ரோன் ரூல்ஸ்ல 250 கிராம் வரைக்கும் நானோ, அதுக்கு மேல 2 கிலோ வரைக்கும் மைக்ரோ. நானோ ஓட்ட பைலட் சர்ட்டிபிகேட் வேணாம். மைக்ரோவும் சொந்த ஆசைக்குன்னா வேணாம், என்ன மாதிரி காசு வாங்கி எடுக்கறவங்களுக்கு வேணும், ஆனா மைக்ரோன்னா யாரா இருந்தாலும் ரெஜிஸ்டர் பண்ணி நம்பர் வாங்கணும். வெளிநாட்டுலயும் நெறைய எடத்துல இந்த 250 கிராம் கணக்கு இருக்கு, அதுக்குத்தான் நெறைய கம்பெனி 249 கிராம்னு நிறுத்தறான். ஆனா மினி 3க்கு பெரிய பேட்டரின்னு ஒண்ணு விக்கறான், அத போட்டா 290 கிராம் கிட்ட ஆயிடும், றெக்கைக்கு கூண்டு மாட்டினாலும் ஏறிடும், அப்ப நீங்க நானோ இல்ல. தராசுல வச்சி பாத்துக்கங்க. பறக்கற எடத்துக்கு பச்சை மஞ்சள் சிவப்புன்னு அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை வெப்சைட் மேப்புல கலர் போட்டிருக்காங்க, பச்சையில 400 அடி வரைக்கும் யாரையும் கேக்க வேணாம், சிவப்புல மத்திய அரசு அனுமதி இல்லாம தொடவே கூடாது, மீறினா 1 லட்சம் வரைக்கும் அபராதம் போடலாம். ட்ரோன் ஆப்பு தடுக்கலன்னா பறக்கலாம்னு அர்த்தம் இல்ல, மேப்புதான் கணக்கு.

நம்ம பழைய வட ஆற்காட்டுக்குள்ளயே எவ்ளோ எடம் இடிக்குதுன்னு பாருங்க. அரக்கோணம் பக்கம் கப்பற்படையோட ஐஎன்எஸ் ராஜாளி விமான தளம், அந்த தெச பக்கமே ட்ரோன தூக்கிக்கினு போகாதீங்க. அப்துல்லாபுரம் ஏர்போர்ட்ட சுத்தி என்ன கலர்னு கிளம்பற அன்னிக்கு பாத்துக்கணும். எல்லாருக்கும் முதல்ல எடுக்கணும்னு தோணறது வேலூர் கோட்டை, அகழி தண்ணியோட மேல இருந்து பாத்தா அழகுதான், ஆனா அது தொல்லியல் துறை கையில இருக்கு, அவங்க அனுமதி இல்லாம விடக்கூடாது. அமிர்தி, ஜவ்வாது மலை காடெல்லாம் வனத்துறைய கேக்கணும். டேமுன்னா நீர்வளத்துறை ஆளுங்கள கேக்கணும், மோர்தானா உட்பட. கேட்டுட்டு போறதுல என்ன கௌரவக் குறைச்சல்.

இதெல்லாம் படிச்சிட்டு அவ்ளோ காசு இல்லயேன்னு நெனைக்கற பசங்க அந்த மூவாயிரத்த பொம்மைக்கு போடாம வச்சிருங்க. வள்ளிமலை ஏறுங்க, ரத்தினகிரி ஏறுங்க, சோளிங்கர்ல படி முடியலன்னா 2024ல ரோப்கார் விட்டுட்டாங்க, அங்க மேல நின்னு ஒரு சின்ன ஸ்டாண்டுல போன வச்சி எடுத்தீங்கன்னா வயலும் ஏரியும் ரோடும் மேல இருந்து பாத்த மாதிரியே வரும், ஆடாம வரும், யாரும் அபராதம் போட மாட்டாங்க. ஊருக்கு ஒரு மலைய வச்சிக்கினு அஞ்சாயிரம் ரூபா பொம்மைய நம்பறது எனக்கு புரியவே இல்ல. எப்படி ஃபிரேம் வைக்கறதுன்னு போன்லயே கத்துக்கினு அப்புறம் காசு சேந்தா ட்ரோனுக்கு போங்க.

உங்ககிட்ட ரெண்டு வேண்டுகோள். அடுத்த தடவ இந்த மாதிரி பட்டியல் போட்டா வெலைக்கு பக்கத்துல ஜிம்பல் எத்தன அச்சு, ஜிபிஎஸ் இருக்கா, எடை எவ்ளோன்னு மூணு கட்டம் சேத்து போடுங்க, அந்த கட்டம் காலியா இருந்தாலே வாங்கறவனுக்கு புரிஞ்சிடும். இன்னொண்ணு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூணு கலெக்டர் ஆபீசுக்கும் உங்க பேப்பர் வழியா போகட்டும். எந்த எடத்துல பறக்கலாம், எங்க கூடாது, எங்க எந்த ஆபீசுல கேக்கணும்னு தமிழ்ல ஒரு பக்கம் அச்சடிச்சி தாலுகா ஆபீசுலயும், ஏலகிரி அடிவாரத்துலயும், கோட்டை வாசல்லயும் ஒட்டினா போதும். மேப்பு இங்கிலீசுல இருக்கு, பத்தாவது படிக்கற பையன் அத பாத்து கண்டுபுடிக்கணும்னா எப்படி, கடைசியில போலீஸ்காரர் புடிச்சி உக்கார வச்சப்புறம்தான் தெரிஞ்சிக்கறான்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டூடியோக்காரன்,
குடியாத்தம்.